பேர் போடாத சொகுசு: ஹோட்டலும் பிராண்டும் கைகோக்கும்போது

உயர்தர ஹோட்டல்களில் ஆர்ப்பாட்டமில்லாத சொகுசு, பிராண்ட் கூட்டு இரண்டையும் பற்றி வந்த கேள்விகளும் பதில்களும். கேட்டவர்களில் பெரும்பாலோர் சென்னைக்காரர்கள்.

தரமணி, ஹோட்டல் மேனேஜ்மென்ட் மாணவர்: சார், இப்ப எல்லா ஹோட்டலும் "அடக்கமான சொகுசு"ன்னுதான் சொல்லுது. பழுப்பு கலர் பெயின்ட் அடிச்சு பூஜாடியை எடுத்துட்டா அது வந்துடுமா?

வராது. அது செலவைக் குறைத்த அறை, அவ்வளவுதான். ராத்திரி எல்லா விளக்கையும் அணைத்துவிட்டுக் கட்டிலில் படுத்து, கண்ணில் படும் சின்ன வெளிச்சங்களை எண்ணிப் பாருங்கள். டிவியின் சிவப்புப் புள்ளி, ஏசி கன்ட்ரோலின் நீல எண், கதவுக்கு அடியில் காரிடார் வெளிச்சம், மினிபார் பச்சை விளக்கு. மூன்றுக்கு மேல் போனால் அந்த அறைக்குக் கொட்டிய பணம் தப்பான இடத்துக்குப் போயிருக்கிறது. அடுத்து, கதவைச் சாத்திவிட்டுப் பக்கத்து அறையில் ஃப்ளஷ் செய்யச் சொல்லி, சத்தம் வருகிறதா பாருங்கள்.

அடக்கம் என்பது அலங்காரத்தின் அளவு இல்லை. கிண்டி ஐடிசி கிராண்ட் சோழா 2012-ல் 600 அறைகளோடு திறந்தது. அது அடக்கமாக இருக்க முயலவே இல்லை, அதற்குத் தேவையும் இல்லை. பின்னி ரோடு கன்னிமாரா 1854-ல் இம்பீரியல் என்ற பெயரில் தொடங்கியது, 1890-ல் இன்றைய பெயருக்கு வந்தது, 2018-ல் புதுப்பித்துத் திறந்தார்கள். அதன் அழகு வேறு ரகம். ஆனால் கதவு, வெளிச்சம், சத்தம், வெந்நீர் வர எத்தனை விநாடி என்ற கணக்கு இரண்டுக்கும் ஒன்றே.

ஆழ்வார்பேட்டை, 28 அறை ஹோட்டல் உரிமையாளர்: குளியலறை ஷாம்பு, பாடி வாஷுக்கு ஒரு நல்ல ஆயுர்வேத பிராண்டோடு பேசிக்கிட்டிருக்கேன். எங்களுக்கென்று தனி வாசனை செஞ்சு தர்றேங்கறாங்க. சரின்னு சொல்லலாமா?

முதலில் கணக்கைப் போடுங்கள். 65% அறைகள் நிறைந்தால் ஒரு நாளைக்கு 18 அறை, மாதம் சுமார் 546 அறை-இரவு. அறைக்கு ஒன்றரை ஆள் என்று வைத்தால் 819 பேர். தலைக்கு 12 மில்லி ஷாம்பு, 20 மில்லி பாடி வாஷ் என்றால் மாதம் 10 லிட்டர் ஷாம்பு, 16 லிட்டர் பாடி வாஷ். (12, 20 என்பது தொடங்குவதற்கான எண்கள். பத்து அறையில் ஒரு வாரம் பாட்டிலை எடைபோட்டு உங்கள் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.) வருடத்துக்கே 120 லிட்டர் ஷாம்புதான். தனி வாசனைக்குக் குறைந்தபட்ச ஆர்டர் 500 லிட்டர் என்று சொன்னால், நான்கு வருடச் சரக்கை ஸ்டோரில் அடுக்குகிறீர்கள் என்று அர்த்தம். பாதி தீருவதற்குள் காலாவதித் தேதி வந்துவிடும்.

அதனால் வேண்டாம். அவர்கள் கடையில் விற்கும் வாசனையிலேயே ஒன்றை எடுங்கள். ஃபேர்மான்ட் மாதிரிப் பெரிய ஹோட்டல் சங்கிலியே லே லாபோ என்ற வாசனைத் திரவிய பிராண்டின் 'ரோஸ் 31' மணத்தைத்தான் அறைகளில் வைத்துவந்திருக்கிறது. விருந்தினருக்குப் பிடித்தால் வெளியே வாங்க முடியும், பிராண்டுக்கும் அதில்தான் லாபம்.

கையெழுத்துக்கு முன் உங்கள் குளியலறைக் குழாயிலிருந்து 20 லிட்டர் தண்ணீர் பிடித்து அவர்களுக்கு அனுப்புங்கள். மெட்ரோ தண்ணீர் வரும் நாளில் ஒரு கேன், லாரித் தண்ணீர் அல்லது போர் தண்ணீர் ஓடும் நாளில் ஒரு கேன். ஆய்வகத் தண்ணீரில் நன்றாக நுரைக்கும் சோப்பு, சென்னைக் கடின நீரில் வெள்ளைத் திரையாகக் கருங்கல்லில் படியும். கருப்பு கிரானைட் போட்ட பாத்ரூமாக இருந்தால் ஹவுஸ்கீப்பிங் உங்களைச் சபிக்கும்.

ஒப்பந்தத்தில் மூன்றை விடாதீர்கள். பாட்டிலில் அவர்கள் பெயரின் எழுத்து உயரம். எத்தனை நாளில் மறு சப்ளை (60 நாள் என்றால் உங்கள் ஸ்டோரில் 75 நாள் சரக்கு இருக்க வேண்டும்). பிரிந்தால் மிச்சச் சரக்கை எத்தனை மாதம் பயன்படுத்தலாம். மூன்றாவதை எழுதாமல் விட்டவர்கள், பிரிந்த மறுநாளே லேபிள் கிழிக்க உட்கார வேண்டியிருக்கும்.

கிண்டி, ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர்: சுவத்துல மாட்டின 300 மில்லி பாட்டில் வச்சதிலிருந்து "யாரோ யூஸ் பண்ண பாட்டில்"னு கம்ப்ளெயின்ட் வருது. சின்ன பாட்டிலுக்குத் திரும்பிடலாமா மேடம்கிட்ட கேக்கறதுக்கு முன்னாடி உங்ககிட்ட கேக்கறேன்.

திரும்பாதீர்கள். கம்ப்ளெயின்ட் பாட்டிலைப் பற்றியது இல்லை, உள்ளே குறைந்திருப்பது கண்ணில் படுவதைப் பற்றியது. ஒளி புகாத பாட்டிலாக மாற்றினால் பாதிப் பிரச்சினை போய்விடும். ஒவ்வொரு செக்-அவுட்டிலும் கையில் தூக்கிப் பாருங்கள். மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால் முழு பாட்டிலை மாட்டி, இதைக் கீழே அனுப்புங்கள்.

முக்கியமான தவறு ஒன்று: அறையிலேயே ஐந்து லிட்டர் கேனிலிருந்து மேலே மேலே ஊற்றுவது. பழையதன் மேல் புதியதை ஊற்ற ஊற்ற, அடியில் இருப்பது எப்போது வந்தது என்றே தெரியாது. ஷவர் தண்ணீர் பம்ப் வழியாக உள்ளே இறங்கி, கெடாமல் காக்கும் பொருள் நீர்த்துப்போய், கிருமி வளரும். நிரப்புவது கீழே பேன்ட்ரியில்தான், கழுவி, வெந்நீரில் அலசி, கவிழ்த்து முழுக்கக் காயவைத்த பாட்டிலில்தான். அடியில் நிரப்பிய தேதியும் பேட்ச் எண்ணும். அறைக்கு ஒன்றரை செட் பாட்டில் இருந்தால் இது ஓடும், ஒரே செட் இருந்தால் ஓடாது. பூட்டுள்ள மூடியும் கேளுங்கள். விருந்தினரின் பயம் நியாயமானது.

எம்ஆர்சி நகர், லாபி மேனேஜர்: ஹோட்டலுக்குன்னு ஒரு வாசனை போட்டோம். முதல் வாரம் எல்லாரும் பாராட்டினாங்க. இப்ப தலைவலின்னு வர்றாங்க, ஆனா எங்க ஸ்டாஃப் "வாசனையே வரலை, கூட்டுங்க"ங்கறாங்க.

ஸ்டாஃப் மூக்கை நம்பியதுதான் கோளாறு. எட்டு மணி நேரம் அதிலேயே நிற்பவருக்கு இருபது நிமிடத்தில் மூக்கு பழகிவிடும். அவர் சொன்னதற்காகக் கூட்டினால், அடுத்த நாள் அதற்கும் பழகி மறுபடி கூட்டச் சொல்வார். தினம் மூன்று வேளை, வெளி கேட்டில் நிற்கும் செக்யூரிட்டியையோ, அப்போதுதான் வண்டி நிறுத்திய டிரைவரையோ உள்ளே நடக்கச் சொல்லுங்கள். "ஏதோ நல்லா இருக்கு" என்றால் சரி. "என்ன சென்ட் சார் இது" என்றால் அதிகம்.

இரண்டாவது காரணம் ஏஎச்யூவில், அதாவது லாபிக்குக் குளிர்காற்று அனுப்பும் ஏசி இயந்திரத்தில் இருக்கும். வெயிலும் புழுக்கமும் கூடும் மாதங்களில் குளிர்ச்சியை மிச்சம் பிடிக்க இன்ஜினியரிங் ஆட்கள் வெளிக்காற்றை உள்ளே விடும் தடுப்பை (டேம்பர்) குறுக்கிவிடுவார்கள். உள்காற்றே சுற்றிச் சுற்றி வரும், வாசனை எண்ணெய் சேர்ந்துகொண்டே போகும். வாசனை மெஷினின் அமைப்பை மாற்றாமலே அடர்த்தி ஏறுவது இப்படித்தான். அவர்களிடம் டேம்பர் எத்தனை சதவீதம் திறந்திருக்கிறது என்று கேளுங்கள்.

சீர் செய்ய: மெஷினை ஒரு முழு நாள் நிறுத்துங்கள். பிறகு 10 விநாடி ஓட்டம், 180 விநாடி ஓய்வு என்று தொடங்கி, மூன்று நாளுக்கு ஒருமுறை மட்டும் ஓய்வைக் குறையுங்கள். நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை நிறுத்தம். வாசனைக் குழாய் ஃபில்டருக்கும் கூலிங் காயிலுக்கும் அப்பால், குளிர்காற்று வெளியே போகும் சப்ளை டக்டில் இருக்க வேண்டும். முன்னால் இருந்தால் எண்ணெய் ஃபில்டரில் ஒட்டி ஊசிப்போன வாடை வரும். லிஃப்டிலும் ரெஸ்டாரன்ட் வாசலிலும் வேண்டவே வேண்டாம். மீன் குழம்பு வாசனையும் வெட்டிவேர் எண்ணெயும் கலந்தால் என்னாகும் என்று சொல்லத் தேவையில்லை.

எண்ணெய் தரும் கம்பெனியிடம் சர்வதேச நறுமணக் கூட்டமைப்பான இஃப்ராவின் தரநிலைக்கு உட்பட்டது என்ற சான்றிதழ் வாங்குங்கள். கலவைச் சூத்திரம் யாருக்குச் சொந்தம் என்பதையும் எழுதி வாங்குங்கள். அவர்களுக்கே சொந்தம் என்றால், "உங்கள் ஹோட்டலின் அடையாள வாசனை" விலை உயர்வுக்கு அடமானம்.

என் சொந்தக் கருத்து: சென்னையில் மாலை வேளைக்கு மெஷினே தேவையில்லை. கோயம்பேட்டில் காலையில் வாங்கிய மல்லி மொட்டை ஈரத்துணி சுற்றி நிழலில் வைத்து, மாலை 6 மணிக்கு அகலமான உருளியில் லாபிக்குக் கொண்டுவாருங்கள். மல்லி மலர்வதே மாலைக்கு மேல்தான். அந்த நேரத்தில் மெஷின் நிற்கட்டும், இரண்டும் சேர்ந்தால் அடித்துக்கொள்ளும்.

பத்தமடை, பாய் நெய்யும் குடும்பத்திலிருந்து: சென்னை ஹோட்டல் ஒண்ணு 40 ரூம் சுவத்துல மாட்டப் பட்டுப்பாய் கேக்குது அண்ணே. 60 நாள் கிரெடிட்டாம். பேரு போடுவோம்னு சொல்றாங்க.

பெயரை விடப் பணம் முக்கியம் தம்பி. உத்யம் என்ற அரசுத் தளத்தில் பதிவு செய்த குறு, சிறு உற்பத்தியாளருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்பது எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டம். பதிவு இல்லையென்றால் முதலில் அதைச் செய்யுங்கள், இலவசம்தான். 50% முன்பணம் கேளுங்கள். கோரைக்கும் சாயத்துக்கும் இன்றைக்கே காசு வேண்டும், ஹோட்டலுக்கு அது தெரியாது.

பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அந்தக் குறியீட்டைத் தரும் பதிவகம் சென்னை கிண்டியில்தான் உட்கார்ந்திருக்கிறது. நீங்களோ உங்கள் சங்கமோ அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளராகப் பதிவு செய்தால், ஹோட்டல் நாளைக்கு வேறு எங்கோ மெஷினில் நெய்த பாயை வாங்கி "பத்தமடை" என்று எழுதினால் தட்டிக்கேட்க முடியும்.

ஹோட்டலுக்கு எழுதிக் கொடுங்கள்: ஏசி காற்று நேராக அடிக்கும் இடத்தில் மாட்டக்கூடாது, ஈரச் சுவரிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி ஃபிரேம், ஈரத்துணியால் துடைக்கக்கூடாது. ஏசி நின்ற மழைக்கால அறையில் கோரை பூஞ்சை பிடிக்கும், பழி உங்கள் மேல் வரும். உங்கள் பெயர் ஃபிரேமின் பின்பக்கத்தில் ஊர், நெய்தவர், வருடத்தோடு இருக்கட்டும். ஆர்வமுள்ளவர் திருப்பிப் பார்ப்பார்.

தி.நகர், நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்: வெளிமாநில நகை பிராண்ட் ஒண்ணு இங்க ஹோட்டல் சூட்ல ரெண்டு நாள் விற்பனைக் காட்சி வைக்குது. போர்டு கூடாதுன்னு ஹோட்டல் சொல்லுது. வேற என்ன பாக்கணும்?

போர்டு கூடாது என்பது சரி. வரிதான் முதலில். தமிழ்நாட்டில் ஜிஎஸ்டி பதிவு இல்லாத விற்பனையாளர், தற்காலிக வரி செலுத்துபவராக, விற்பனை தொடங்க ஐந்து நாள் முன்பாவது விண்ணப்பிக்க வேண்டும். உத்தேச வரியை முன்கூட்டியே கட்ட வேண்டும், பதிவு 90 நாள் செல்லும். முந்தின நாள் ஞாபகம் வந்தால் காட்சிதான் நடக்கும், விற்பனை நடக்காது. தங்கத்தில் ஆறு எழுத்து-எண் கொண்ட ஹால்மார்க் அடையாளம் இருக்கிறதா பாருங்கள். சரக்கு ராத்திரி அறை லாக்கரில் அல்ல, ஹோட்டல் ஸ்ட்ராங் ரூமில், இரண்டு சாவி, இரண்டு கையெழுத்து. அழைப்பு நேரத்தை 45 நிமிட இடைவெளியில் பிரித்துக் கொடுங்கள். ஒரே சூட்டில் 30 பேர் நின்றால் அது தி.நகர் கடைதான்.

நுங்கம்பாக்கம், மார்க்கெட்டிங்: பணமே கைமாறாம பொருளுக்கு ரூம் கொடுத்துட்டா வரி இல்லைதானே?

இருக்கிறது. பண்டமாற்றும் ஜிஎஸ்டியில் சப்ளைதான். இரண்டு பேரும் சந்தை விலைக்குப் பில் போட வேண்டும். ரூ. 7,500-க்கு மேற்பட்ட அறை என்றால் 18%.

வேளச்சேரி: ஏர்போர்ட் பிக்கப்புக்குக் கார் கம்பெனி டெமோ வண்டி தர்றாங்க, வெள்ளை நம்பர் பிளேட். ஓட்டலாமா?

விருந்தினரிடம் காசு வாங்கினால் கூடாது. வாடகை வண்டிக்கு மஞ்சள் பிளேட், மின்சார வண்டி என்றால் பச்சையில் மஞ்சள் எழுத்து. கதவில் ஸ்டிக்கரும் வேண்டாம். வண்டி நல்லதென்றால் உட்கார்ந்ததும் தெரியும்.

ஈசிஆர், முதலீட்டாளர்: ஹோட்டலுக்கே ஒரு ஃபேஷன் பிராண்ட் பேரை வைக்கலாம்னு யோசனை.

மிலனில் புல்காரி 2004-லிருந்து நடக்கிறது, துபாயில் அர்மானி 2010-லிருந்து. ஆனால் ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்டில் 2000-ல் திறந்த பலாசோ வெர்சாச்சே 2023-ல் பெயர் மாறி இம்பீரியல் ஹோட்டல் ஆனது. பெயர் வாடகை, கட்டடம் சொந்தம் என்பதை மறக்கக்கூடாது. தரையிலும் சுவரிலும் அவர்கள் சின்னத்தைப் பதித்தால், பிரியும் நாளில் உடைக்கும் செலவு உங்களுடையது. பிராண்ட் கழற்றக்கூடிய பொருளில் மட்டும் இருக்கட்டும்: திரை, குஷன், பாத்திரம். ஈசிஆர் உப்புக்காற்றில் அவற்றை எப்படியும் சீக்கிரம் மாற்றத்தான் வேண்டும்.

கரூர், ஜவுளி ஏற்றுமதியாளர்: ஹோட்டல் பெட்ஷீட்டில் லோகோ எம்ப்ராய்டரி கேக்கறாங்க. 1000 கவுன்ட் வேணுமாம்.

கவுன்ட் என்றால் ஒரு சதுர அங்குலத்தில் உள்ள நூல்களின் எண்ணிக்கை. 1000 என்பது பல புரி நூலின் ஒவ்வொரு புரியையும் தனி நூலாக எண்ணிச் சொல்லும் கணக்கு. ஒற்றைப் புரியில் 300 கவுன்ட் பெர்கேல் (நெருக்கமான சாதா நெசவு) கொடுங்கள், சென்னைக்குக் காற்றோட்டமும் உண்டு, சீக்கிரம் காயும். டவல் 500 முதல் 600 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) போதும். 700-ஐத் தாண்டினால் டிரையரில் அதிக நேரம், ஐப்பசி அடைமழையில் லேசான ஈரத்தோடு மடித்து முடைநாற்றம்.

வெள்ளையில் வெள்ளை நூல், பாலியஸ்டர் நூல். ரேயான் நூல் ப்ளீச்சைத் தாங்காது. லோகோ தலையணையின் நடுவில் வேண்டாம், கன்னத்தில் உறுத்தும். திறப்பு மடிப்பின் ஓரத்தில் போடுங்கள். மூன்று துவையல் முடிந்து அளந்த பிறகே வெட்டுங்கள். 110 அங்குல ஷீட் 5% சுருங்கினால் ஐந்தரை அங்குலம் போய், மெத்தைக்கு அடியில் செருக மிச்சம் இருக்காது. அறைக்கு மூன்று செட், வெளி லாண்டரி என்றால் மழைக்காலத்தில் நான்கு.

கழித்துப்போடும் ஷீட்டில் லோகோவை வெட்டி எடுத்துவிட்டுத்தான் பழைய துணிக்காரரிடம் போட வேண்டும் என்று ஹோட்டலிடம் சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் அந்த வெள்ளை எழுத்து ஏதாவது லாட்ஜ் கட்டிலில் வந்து படுத்திருக்கும்.