கை விழுந்தது தெரியாத அப்பா

கேள்வி: 68 வயது அப்பாவுக்குப் போன மாதம் மூளையின் வலப்பக்கம் ஸ்ட்ரோக் வந்தது. இடது கையும் காலும் விழுந்துவிட்டன. ஆனால் அவரோ, ‘கை நல்லாத்தான் இருக்கு’ என்று சாதிக்கிறார். ராத்திரி தனியாக எழுந்து பாத்ரூம் போகப் பார்த்து விழுந்துவிட்டார். பிடிவாதமா, மனசு ஏற்க மறுக்கிறதா?

பதில்: பெரும்பாலும் இரண்டும் இல்லை. தன் கை விழுந்துவிட்டது என்பதே அவருக்குத் தெரியவில்லை. இந்த நிலைக்கு அனோசோக்னோசியா என்று 1914-ல் பெயர் வைத்தவர், பாரிஸ் நரம்பியல் மருத்துவர் ஜோசப் பாபின்ஸ்கி. வலப்பக்க மூளையில் அடிபட்டவர்களிடம்தான் இதை அதிகம் பார்க்கிறோம்.

தன் உடம்பைப் பற்றித் தனக்கே தெரியாமல் போகுமா? போகும். அந்த அறிவையும் மூளை உழைத்துத்தான் தருகிறது. கையைத் தூக்க நினைத்ததுமே, அது எப்படி எழும் என்று மூளை முன்கூட்டிக் கணித்துவிடுகிறது. பிறகு தசை, மூட்டு, கண் அனுப்பும் தகவலோடு ஒத்துப்பார்க்கிறது. ஒத்துவராதபோதுதான் ‘கை வரவில்லை’ என்று நமக்கு உறைக்கிறது. வலது மூளையின் உள்ளே மடிந்திருக்கும் இன்சுலா என்ற பகுதியிலும், நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மடலிலும் அடிபட்டால் கணிப்பு நடக்கும், சரிபார்ப்பு நடக்காது. தூக்க நினைத்ததே தூக்கியதாகத் தோன்றிவிடும் என்பது இன்று வலுவாக உள்ள விளக்கம்.

இவர்களைக் கைதட்டச் சொல்லிப் பார்த்தால் புரியும். வலது கை மட்டும் எழுந்து மார்புக்கு நேரே வந்து நின்றுவிடும். சத்தமே வராது. ‘தட்டிட்டேனே டாக்டர்’ என்பார்கள். முகத்தில் துளித் தயக்கம் இருக்காது.

படிப்போ புத்திக்கூர்மையோ இதைத் தடுப்பதில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸுக்கு 1974 டிசம்பர் 31-ல் ஸ்ட்ரோக் வந்து இடப்பக்கம் செயலிழந்தது. செயலிழந்த அந்த இடது காலால் 40 கெஜ தூரம் பந்து உதைப்பதாக நிருபர்களிடம் சொன்னார். கடைசியில் 1975 நவம்பரில் பதவி விலகினார்.

அதனால் அப்பாவிடம் வாதாடாதீர்கள். ‘எங்கே, தூக்கிக் காட்டுங்க’ என்று திரும்பத் திரும்பச் சோதிக்கவும் வேண்டாம். அவருக்கு அவமானம்தான் மிஞ்சும். கட்டிலைத் தாழ்வாக்குங்கள். அழைப்பு மணியை வலது கைக்கு எட்டும்படி வையுங்கள். ராத்திரி ஒருவர் பக்கத்திலேயே படுங்கள். இடது கை உடம்புக்கு அடியில் மாட்டியிருக்கிறதா, சூடான பாத்திரத்தில் படுகிறதா என்று நீங்கள்தான் கவனிக்க வேண்டும். பிசியோதெரபிக்கு மறுத்தால், ‘தோள் வலிக்காமல் இருக்கத்தான்பா’ என்று சொல்லுங்கள், அதுவும் உண்மைதானே.

இன்னொன்று. சிலர், ‘ஆமாம், கை வரலை’ என்று வாயால் ஒப்புக்கொள்வார்கள்; அடுத்த நிமிடமே எழுந்து நடக்கப் போவார்கள். சொல்வதை நம்பிக் காவலைத் தளர்த்தாதீர்கள்.

பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் இது குறையும். சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். அசைய முயல்வதை வீடியோ எடுத்து அவர்களுக்கே காட்டியபோது சிலருக்குச் சட்டென்று உண்மை புரிந்திருக்கிறது. அதை வீட்டில் செய்ய வேண்டாம், சிகிச்சையாளர் கூட இருக்கும்போது செய்யுங்கள். புரிகிற அன்றைக்கு அவர் மனம் உடைந்துபோகலாம். தூக்கம், சாப்பாடு குறைந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

விழுந்தபோது தலையில் அடிபட்டதா? ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால், வெளியே காயம் தெரியாவிட்டாலும் இன்றே கூட்டிப்போய்க் காட்டுங்கள்.