மேடையில் துப்பறியும் கதை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்களுடையது சிறிய நாடகக் குழு. ஷெர்லக் ஹோம்ஸ் கதை ஒன்றை மேடையேற்ற யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா?

பதில்: மூலக் கதைக்கு வேண்டாம். ஆர்தர் கோனன் டாயில் 1930-இல் காலமானார். ஆசிரியர் மறைவுக்குப் பின் 60 ஆண்டு காப்புரிமை தரும் இந்தியாவிலும், 70 ஆண்டு தரும் பிரிட்டனிலும் கெடு எப்போதோ முடிந்தது. அமெரிக்காவில் கடைசிக் கதைகளும் 2023 தொடக்கத்தில் பொதுவுடைமையாகிவிட்டன. ஆனால் கையில் வைத்திருக்கும் தமிழ் மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு. அதிலிருந்து வசனம் எடுப்பதைவிட மூலத்தைப் படித்து நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அகதா கிறிஸ்டி விஷயம் வேறு. அவர் இறந்தது 1976-இல். எழுத்துபூர்வமான அனுமதி கைக்கு வரும்வரை ஒத்திகையே வேண்டாம்.

கேள்வி: ஒத்திகை பார்த்த நண்பர்கள், "அந்தக் கையுறை எப்போ வந்துச்சு?" என்று கடைசியில் கேட்டார்கள். துப்பு மனதில் பதியவே இல்லை.

பதில்: புத்தகம் என்றால் நாலு பக்கம் பின்னால் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம். நாடகத்தில் அந்த வசதி இல்லை. அதனால் ஒரு துப்பு மூன்று முறை வரவேண்டும். முதலில் சும்மா கண்ணில் படட்டும். அடுத்து யாராவது அதைக் கையில் எடுத்து வேறிடத்தில் வைக்கட்டும். மூன்றாவதாக, வேறு ஏதோ பேச்சுக்கு நடுவே அதன் பெயர் மட்டும் வந்து போகட்டும். ஒவ்வொரு முறையும் உடனே ஒரு சிரிப்போ சச்சரவோ தொடர்ந்தால், பார்த்தது நினைவில் நிற்கும், சந்தேகம் மட்டும் வராது. துப்பின் மேல் ஸ்பாட் லைட் போடுவது காரியத்தைக் கெடுக்கும். குற்றவாளியின் பெயரை மைக்கில் சொல்வதற்குச் சமம்.

பொருளின் அளவும் முக்கியம். கடைசி வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். கறுப்புக் கையுறையைக் கருந்தேக்கு மேஜையில் வைத்தால் யார் கண்ணுக்கும் தெரியாது. வெளிர்நிற விரிப்பு போடுங்கள், விரல்கள் மேஜை விளிம்புக்கு வெளியே தொங்கட்டும். மோதிரம், சட்டைப் பொத்தான், சுருட்டுச் சாம்பல் எல்லாம் கதையில் அழகு, அரங்கில் வீண். தொப்பி, கைத்தடி, கைக்குட்டை என்று மாற்றிவிடுங்கள்.

கேள்வி: கடைசியில் துப்பறிவாளர் 12 நிமிடம் விளக்குகிறார். சபை நெளிகிறது.

பதில்: நெளியத்தான் செய்யும். ஐந்து நிமிடத்துக்குள் குறையுங்கள். அதையும் அவர் ஒருவரே பேசக் கூடாது. ஒவ்வொரு கண்ணியையும் சந்தேகத்துக்குரிய ஒருவர் மறுக்க வேண்டும், மறுப்பு உடைய வேண்டும். கொலை நடந்த விதத்தைச் சொல்லாதீர்கள். அந்த நகர்வுகளைப் பழைய இடங்களிலேயே மறுபடி நடித்துக் காட்டுங்கள்.

கேள்வி: ஐந்து நடிகர்கள், பதினொரு பாத்திரங்கள். சமாளிக்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால் துப்பறியும் நாடகத்துக்கே உரிய ஆபத்து ஒன்று இதில் இருக்கிறது. ஒரே முகம் இரண்டு வேடத்தில் வந்தால், "அவன்தான் மாறுவேஷத்தில் வந்திருக்கிறான்" என்று சபை துப்பு துலக்க ஆரம்பித்துவிடும். எனவே சந்தேக வளையத்தில் இருப்பவர்களுக்கு ஆளுக்கு ஒரு வேடம்தான். வேலைக்காரர், வண்டிக்காரர், காவலர் ஆகியவற்றை மட்டும் ஒருவருக்கே கொடுங்கள். அவர் உடையை மாற்றுவதைச் சபை பார்க்கும்படியே செய்துவிட்டால் குழப்பம் அடியோடு போகும். விங்குக்குள் (மேடையின் பக்கவாட்டு மறைவிடத்தில்) மாற்றுவதென்றால் பொத்தானுக்குப் பதில் வெல்க்ரோ தையுங்கள்.

கேள்வி: துப்பாக்கிச் சத்தம் எப்போதும் முந்திக்கொள்கிறது அல்லது பிந்துகிறது. இருட்டில் கொலை நடக்கும் காட்சியில் ஒருவர் தடுக்கியும் விழுந்தார்.

பதில்: ஒலி இயக்குபவர் வசனத்தைக் க்யூவாக, அதாவது சத்தம் போட வேண்டிய நேரத்துக்கான அடையாளமாக, வைத்திருப்பார். வசனம் தடுமாறினால் சத்தமும் தடுமாறும். நடிகரின் கை தோள் உயரத்துக்கு வருவதே க்யூ என்று வைத்து, சத்தம் கேட்ட பிறகே கை உதறட்டும். துப்பாக்கி மரத்தாலோ ரப்பராலோ ஆனதாக இருந்தால் போதும். வெற்றுத் தோட்டாகூட அருகிலிருந்து சுட்டால் ஆளைக் கொல்லும்.

இருட்டுக் காட்சிக்குப் படி விளிம்பிலும் நாற்காலிக் கால்களிலும் ஒளிரும் டேப் ஒட்டுங்கள். காட்சிக்கு முன் அதன் மேல் வெளிச்சம் படாவிட்டால் அது ஒளிராது. பலர் கோட்டை விடுவது இங்கேதான். யார் எத்தனை அடி, எந்தப் பக்கம் என்பதை முதலில் வெளிச்சத்தில் எண்ணிப் பழகிவிட்டு, பிறகு விளக்கை அணையுங்கள்.

கேள்வி: பாம்பு வரும் கதைக்கு நிஜப் பாம்பைப் பயன்படுத்தலாமா?

பதில்: வேண்டாம். 'தி ஸ்பெக்கிள்டு பேண்ட்' என்ற ஹோம்ஸ் கதையை டாயிலே நாடகமாக்கி 1910-இல் லண்டனில் மேடையேற்றியபோது உயிருள்ள பாம்பைத்தான் இறக்கினார். அது நடிக்க மறுத்து மணிக்கயிறு போலத் தொங்கியது. போலிப் பாம்பு என்று ஒரு விமர்சகர் எழுதியதை அவர் நினைவுக் குறிப்புகளில் சொல்லிப் புலம்பியிருக்கிறார். பருத்த கயிற்றுக்குள் மெல்லிய கம்பி செருகி வர்ணம் பூசி, இரண்டு இடத்தில் கறுப்பு நைலான் நரம்பு கட்டி மேலிருந்து இறக்குங்கள். விளக்கு பக்கவாட்டிலிருந்து மட்டும் வரட்டும். மூன்று வினாடிக்கு மேல் காட்டாதீர்கள், நரம்பு பளபளத்துவிடும்.