ஆறு வயதுக் குழந்தை இருக்கும் வீட்டுக்கு எந்தச் சிறிய நாய் ஏற்றது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: ஆறு வயது மகன் நாய் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான், வீடு சிறியது, சிஹுவாவா, பொமரேனியன் இரண்டில் எதை வாங்கலாம்?

இரண்டும் வேண்டாம். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு நாயின் காலை உடைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

என் மகளுக்கு ஏழு வயது இருக்கும்போது ஒரு பொமரேனியன் குட்டி வாங்கினோம். சின்னக் குழந்தைக்குச் சின்ன நாய் என்பது எங்கள் கணக்கு. வந்து மூன்று மாதம் இருக்கும். மகள் அதை மார்போடு அணைத்தபடி சோபாவிலிருந்து எழுந்தாள். அந்த நேரம் பார்த்து அழைப்புமணி அடித்தது. குட்டி துள்ளியது. விழுந்த உயரம் மூன்றடிகூட இருக்காது. ஒரே ஒரு கீச்சொலி. பிறகு முன்னங்கால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் நின்றது. தூக்கிய காலின் பாதம் மட்டும் தனக்குச் சம்பந்தமில்லாததுபோலத் தொங்கியது.

கால்நடை மருத்துவர் நாங்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே, "குழந்தை கையிலிருந்து விழுந்ததா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியிலேயே எனக்குப் பாதி விஷயம் புரிந்துவிட்டது. பாதத்துக்குச் சற்று மேலே இரண்டு எலும்புகளும் முறிந்திருந்தன. மிகச் சிறிய இனங்களில் அந்த இடத்தில் ரத்த ஓட்டம் குறைவு, வெறும் கட்டுப் போட்டால் எலும்பு சேராமல் போகலாம் என்று சொல்லி, தகடு வைத்தார். எக்ஸ்ரேயில் அந்த எலும்பைப் பார்த்தேன். என் மகளின் பென்சில் அதைவிடத் தடிமன்.

கால் சேர்ந்துவிட்டது. நம்பிக்கைதான் சேரவில்லை. மகள் குனிந்தாலே அது சோபாவுக்கு அடியில் போய் உறுமியது. கடைசியில், குழந்தைகள் இல்லாத என் பெரியம்மா வீட்டுக்குக் கொடுத்துவிட்டோம். அங்கே மடியை விட்டு இறங்காமல் ராஜ வாழ்க்கை வாழ்ந்தது. நாயும் நல்ல நாய், குழந்தையும் நல்ல குழந்தை. கணக்குப் போட்ட பெரியவர்கள்தான் தப்பாகப் போட்டோம்.

ஆகவே எடையிலிருந்து தொடங்குங்கள். மூன்று கிலோவுக்குக் கீழே உள்ள நாயைக் குழந்தையிடமிருந்து நீங்கள் காவல் காக்க வேண்டும். தன்னைவிடப் பல மடங்கு பெரிய ஓர் உயிர் எந்நேரமும் மேலே குனிவதும் தூக்குவதும் அதற்கு மிரட்டலாகத்தான் தெரியும். அது கடித்தால் திமிர் அல்ல, பயம். 'டீகப்' என்று சொல்லி விற்பவர்களிடம் போகவே போகாதீர்கள். அப்படி ஓர் இனமே கிடையாது. இருப்பதிலேயே சிறிய குட்டிகளை மேலும் சிறிதாக்குகிற வேலை அது. ஒருவேளை உணவு தவறினாலே ரத்தத்தில் சர்க்கரை குறைந்து மயங்கி விழும் ஆபத்து அவற்றுக்கு உண்டு. ஆறு வயதுக்காரன் உள்ள வீட்டுக்குச் சுமார் ஆறு முதல் பத்து கிலோ வரையுள்ள நாய் பொருந்தும் என்பது என் கருத்து. அதுவும் சின்ன நாய்தான்.

அந்த அளவுக்குள் எந்த இனம்? காவலியர் கிங் சார்லஸ் ஸ்பேனியல் குழந்தைகளோடு பழகுவதில் தங்கம். ஆனால் இதய வால்வு நோய் அந்த இனத்தின் சாபக்கேடு. நடு வயதிலேயே பலவற்றுக்குத் தொடங்கிவிடும். நார்வேயில் இந்த இனத்தைப் பெருக்குவதே விலங்கு நலச் சட்டத்துக்கு எதிரானது என்று 2022-ல் ஒரு நீதிமன்றம் சொல்லும் அளவுக்குப் போனது. பக் பொறுமைசாலி, குழந்தை காதைப் பிடித்தாலும் பேசாமல் இருக்கும். ஆனால் சப்பை மூக்கால் மூச்சு விடவே திணறுகிற பிராணி அது. நாய்க்கு உடல் சூடு தணிவது முக்கியமாக நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைப்பதால்தான். அதுவே முடியாத நாயை வெயிலில் பந்து விளையாட எப்படி அழைத்துப்போவது? டாஷ்ஹண்ட் வளைக்குள் புகுந்து பேட்ஜர் என்ற விலங்கைப் பிடிக்க ஜெர்மனியில் வளர்க்கப்பட்டது, அதனால் பிடிவாதமும் துணிச்சலும் அதிகம். நீண்ட முதுகில் வட்டு விலகி நடக்க முடியாமல் போகும் நோயும் அதற்கு வரும். பின்புறத்தைத் தாங்காமல் தூக்கவே கூடாது. இதை ஆறு வயதுக் குழந்தைக்கு எத்தனை முறை சொல்வீர்கள்? ஜாக் ரஸ்ஸல் நாள் முழுக்க ஓடும், உங்களால் முடியுமா என்று பாருங்கள். பீகிள் குழந்தைகளுக்கு நல்ல தோழன், எளிதில் அடிபடாத உடம்பு. ஆனால் தனியாக விட்டால் அக்கம்பக்கம் முழுக்கக் கேட்கும்படி ஊளையிடும், மூக்கு இழுத்த இழுப்புக்கு ஓடும். மினியேச்சர் பூடில் என் பார்வையில் இவற்றில் சமநிலையானது: புத்திசாலி, முடி அதிகம் உதிராது. முடி வெட்டும் வேலை மட்டும் மாதாமாதம் வந்துகொண்டே இருக்கும். முடி உதிராத நாய் என்றால் ஒவ்வாமை வராது என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். ஒவ்வாமையைத் தருவது எச்சிலிலும் தோல் பொடுகிலும் உள்ள புரதம். அது இல்லாத நாய் கிடையாது.

இவ்வளவு சொல்லிவிட்டு இதையும் சொல்ல வேண்டும்: இனத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 2022-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு, 18,000-க்கும் மேற்பட்ட நாய்களின் நடத்தையை அலசிவிட்டு, ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் உள்ள நடத்தை வேறுபாட்டில் சுமார் 9 சதவீதத்தைத்தான் இனம் விளக்குகிறது என்றது. எங்கள் வீட்டில் இப்போது இருப்பது எந்த இனம் என்று எங்களுக்கே தெரியாது. எட்டரை கிலோ, ஒரு காது மட்டும் மடங்கியிருக்கும்.

அதைத் தேர்ந்தெடுத்த கதையைச் சொன்னால் உங்களுக்குப் பயன்படும். அது குட்டியல்ல, இரண்டு வயது நாய். அதை வளர்த்தவர்கள் ஊர் மாறிப் போனார்கள். அவர்கள் வீட்டிலும் குழந்தைகள் இருந்தார்கள். வளர்ந்த நாயில் ஒரு வசதி, குணம் ஏற்கெனவே தெரிந்துவிடும். குட்டியில் எல்லாம் ஊகம்தான். பார்க்கப் போனபோது, நாயை அழைக்கக் கூடாது, தொடக் கூடாது, தரையில் உட்கார்ந்து பேசாமல் இரு என்று மகளிடம் சொல்லியிருந்தேன். பாவம், கையைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாய் ஒரு சுற்று சுற்றியது. செருப்பை மோந்தது, முழங்காலை மோந்தது, பிறகு முதுகைத் திருப்பி அவள் காலில் சாய்ந்து உட்கார்ந்தது. நான் சாவிக்கொத்தைக் கீழே போட்டேன். திடுக்கிட்டு எழுந்தது, மூன்றே நொடியில் போய்ச் சாவியை மோந்து பார்த்துவிட்டு, திரும்பி அதே இடத்துக்கு வந்தது. போதும் என்று முடிவு செய்துவிட்டோம். பயப்படாத நாயை நான் தேடவில்லை. பயந்தபின் சீக்கிரம் சமாதானமாகிற நாய்தான் வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் சாவி மட்டுமா விழும்?

குட்டிதான் வேண்டும் என்றால் எட்டு வாரத்துக்கு முன்பு தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். மூன்றாம் வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காம் வாரம் வரைதான் உலகத்தை அச்சமின்றி ஏற்றுக்கொள்ளப் பழகும் பருவம்; அந்த நாட்களில் குழந்தைகளைப் பார்த்த குட்டியா என்று கேளுங்கள். தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். அதோடு, நான்காம் மாதம் முதல் பால் பல் விழுந்து புதுப் பல் முளைக்கும்போது, மகனின் கணுக்காலும் அதற்குக் கடிக்கும் பொருள்தான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தடுப்பூசி, குடற்புழு மருந்து எல்லாம் மருத்துவர் போட்டுத் தரும் அட்டவணைப்படி போகட்டும், அதில் சமரசம் வேண்டாம்.

வீட்டில் நாங்கள் வைத்திருக்கும் விதிகள் மூன்றே. தூங்கும் நாயையும் சாப்பிடும் நாயையும் தொடக் கூடாது. நின்றபடி தூக்கக் கூடாது. தரையில் உட்கார்ந்தால் அதுவே மடிக்கு வரும். பெரியவர் இல்லாத அறையில் இருவரையும் தனியாக விடக் கூடாது. குழந்தைகளைக் கடிப்பது பெரும்பாலும் தெரிந்த நாய்தான், அதுவும் வீட்டுக்குள்தான். அவர்கள் முகம் நாயின் வாய்க்கு நேராக இருப்பதால் காயமும் முகத்தில்தான் விழுகிறது. கடிப்பதற்கு முன்பு நாய் எத்தனையோ முறை சொல்லிப் பார்க்கும்: தூக்கம் வராமலே கொட்டாவி விடும், உதட்டை நக்கும், தலையைத் திருப்பிக்கொண்டு வெள்ளை விழி தெரியக் கடைக்கண்ணால் பார்க்கும், அப்படியே விறைத்து நிற்கும். என் மகள் இவற்றை ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டாள். "அப்பா, அது பொய்க் கொட்டாவி விடுகிறது" என்று விருந்தினர் நடுவே அறிவித்து, நாயைக் கட்டிப்பிடித்திருந்த அவள் அத்தையை எழுப்பிவிட்டாள்.

உறுமினால் அடிக்காதீர்கள். உறுமலுக்கு அடி வாங்கிய நாய் அடுத்த முறை உறுமாமலே கடிக்கும்.

சிறிய நாய்கள் 12 முதல் 15 ஆண்டு சாதாரணமாக வாழும். உங்கள் மகன் கல்லூரிக்குப் போனபின்பும் விடியற்காலையில் கதவைப் பிராண்டி உங்களைத்தான் எழுப்பும். அதற்கு நீங்கள் சம்மதமா என்பதை, அவன் காதில் விழாத நேரத்தில், வீட்டுப் பெரியவர்கள் பேசி முடிவு செய்யுங்கள். சம்மதம் என்றால் பார்க்கப் போகும் அன்று பழைய உடையை உடுத்திக்கொண்டு போங்கள். நெடுநேரம் தரையில் உட்கார வேண்டியிருக்கும்.