குச்சிக் காளானை அடையாளம் காண்பது எப்படி? அதை ஏன் நன்றாக வேகவைக்க வேண்டும்?
காஷ்மீர், இமாச்சல மலைக்காடுகளில் பனி உருகியதும், ஏறத்தாழ மார்ச் முதல் மே வரை, தானாக முளைக்கும் காளான் இது. ஆங்கிலப் பெயர் மோரல். ‘குச்சி’ என்பது அங்குள்ள வழக்கு. நம் மரக்குச்சிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

தலை தேனடைபோலக் குழிகுழியாக இருக்கும். ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள், நெடுக்காகப் பிளந்து பாருங்கள். உச்சி முதல் அடித்தண்டு வரை பப்பாளி இலைக்காம்புபோல ஒரே வெற்றுக்குழாயாக இருக்க வேண்டும். மூளைபோல மடிந்த தலையும், உள்ளே பஞ்சோ அறைகளோ இருந்தால் அது போலி மோரலாக இருக்கலாம். அதன் நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும். சிறு சந்தேகம் என்றாலும் எறிந்துவிடுங்கள்.

குழிகளில் மண்ணும் பூச்சியும் ஒளிந்திருக்கும். பிளந்து, ஓடும் நீரில் அலசுங்கள். உலர்ந்ததை வெதுவெதுப்பான நீரில் 20–30 நிமிடம் ஊறவைத்து, மண் அடியில் தங்கும்படி மேலாக அள்ளுங்கள். அந்த நீரைத் துணியில் வடிகட்டிக் குழம்பிலேயே கொதிக்க விடலாம்.

நல்ல மோரலும் பச்சையாக நஞ்சுதான், மரவள்ளிக் கிழங்கைப்போல. குறைந்தது 15 நிமிடமாவது வேகட்டும். 2023-இல் அமெரிக்காவின் மொன்டானாவில் பச்சையாகவும் அரைவேக்காடாகவும் பரிமாறப்பட்ட மோரலோடு தொடர்புடைய பாதிப்பில் இருவர் இறந்தனர்.

காயவைத்தால் நஞ்சு போய்விடும், ஊறியதும் அப்படியே சாலட்டில் போடலாம் என்று பலர் நினைப்பது தவறு. உலர்ந்த குச்சியையும் முழுதாக வேகவைத்தே உண்ண வேண்டும்.