பழைய எஃபெக்ட்ஸ் பெடலும் நம்ம ஊர் ஈரமும்: கேள்வி பதில்

தமிழ்நாடு-கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் சர்ச் பாடகர் குழுவிலும், அந்தப் பக்கம் கானமேளாவிலும் கிதார் வாசிக்கிறவர்கள் பழைய பெடல்களைப் பற்றி, அதாவது கிதார் சத்தத்தை மாற்றக் காலால் அழுத்தும் சின்னப் பெட்டிகளைப் பற்றி, கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் தருகிறேன்.

குளச்சலிலிருந்து: அண்ணே, சித்தப்பா துபாயிலிருந்து கொண்டுவந்த பாஸ் (Boss) கம்பெனி டிஎஸ்-1 பெடல் பல வருஷமாகப் பரண்மேல் கிடந்தது. பேட்டரியை எடுக்காமலே விட்டிருக்கிறார்கள், கம்பியெல்லாம் பச்சையாகப் பூத்திருக்கிறது. அடாப்டர் போட்டுப் பார்க்கலாமா?

வேண்டாம் தம்பி, முதலில் அடித்தட்டைக் கழற்றுங்கள். அல்கலைன் பேட்டரி என்றால் கசிந்திருப்பது காரம். பஞ்சுக்குச்சியில் வினிகர் தொட்டுத் துடைக்க வேண்டும். பழைய சாதா பேட்டரியின் கசிவு அமிலத்தன்மை உள்ளது. அதற்குச் சமையல் சோடா கரைத்த தண்ணீர். எதுவானாலும் கடைசியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் விட்டுப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, ஒரு நாள் நன்றாக உலர விடுங்கள்.

அப்புறம் பேட்டரி வயரைப் பாருங்கள். களிம்பு வெளியே தெரியும் இடத்தோடு நிற்காது, பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே ஏறிப்போகும். நுனியைச் சீவினால் செம்பு கறுப்பாக இருக்கும், அதில் ஈயம் ஒட்டவே ஒட்டாது. பளபளவென்று செம்பு தெரியும்வரை வெட்டுங்கள். தெரியவில்லை என்றால் பேட்டரி கிளிப்பையே மாற்றிவிடுங்கள், விலை அதிகமில்லை. போர்டில் தடம் அறுந்திருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பார்த்து, அறுந்த இடத்தில் மெல்லிய வயரால் பாலம் போடுங்கள்.

முதல் தடவை உயிர் கொடுக்கும்போது அடாப்டரைவிடப் புது 9 வோல்ட் பேட்டரிதான் பாதுகாப்பு. உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தாலும் பேட்டரியால் பெரிய கரண்ட் கொடுக்க முடியாது. இந்தப் பெடல் இழுப்பது சில மில்லி ஆம்பியர்தான். மீட்டரில் ஐம்பது, அறுபது காட்டினால் உடனே கழற்றிவிடுங்கள். சரியாகிவிட்டால், வாசித்து முடிந்ததும் இன்புட் ஜாக்கிலிருந்து கேபிளை உருவிவிடும் பழக்கம் வரட்டும். கேபிள் செருகியிருக்கும்வரை பேட்டரி ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

பாறசாலையிலிருந்து: ஜப்பானில் செய்த பழைய பாஸ் சிஇ-2 கோரஸ் பெடல் (ஒரு கிதாரைப் பல கிதார் போல ஒலிக்க வைப்பது). புது 9 வோல்ட் அடாப்டரில் லைட் மங்கலாக எரிகிறது, சத்தமும் சோகை பிடித்த மாதிரி. ஐசி போய்விட்டது என்கிறார் ஒருவர்.

ஐசி மேல் கை வைக்க விடாதீர்கள். அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். "ஏசிஏ" என்று இருந்தால் அது 12 வோல்ட் பழைய வகை அடாப்டருக்காகச் செய்தது. வருகிற மின்சாரத்தை இறக்க உள்ளே ஒரு ரெசிஸ்டரும் டையோடும் இருக்கும். நீங்கள் 9 வோல்ட் கொடுத்தால் அதையும் இறக்கிவிட்டு மிச்சத்தில்தான் பெடல் ஓடும். பேட்டரி போட்டால் லைட் பிரகாசமாக எரிகிறதா? அப்படியென்றால் பெடலுக்கு ஒன்றுமில்லை. ஏசிஏ வகை அடாப்டர் தேடிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பேட்டரியிலேயே ஓட்டுங்கள். ரெசிஸ்டரைத் தாண்டி வயர் போட்டு 9 வோல்ட்டுக்கு மாற்றுவதும் உண்டு. 1979-ல் வந்த மாடலில் அதைச் செய்ய எனக்கு மனம் வராது. செய்துதான் ஆக வேண்டுமென்றால் மூடியின் உள்பக்கம் எழுதி ஒட்டிவையுங்கள். பின்னால் வாங்குகிறவர் லேபிளை நம்பி 12 வோல்ட் செருகிவிடக் கூடாது.

தக்கலையிலிருந்து: கீபோர்டு அடாப்டரை மாற்றிச் செருகிவிட்டேன். பெடல் செத்துவிட்டது.

பெரும்பாலும் சாகவில்லை. ப்ளஸ் மைனஸ் மாறி வந்தால் தன்னைப் பலி கொடுக்க உள்ளே நுழைகிற இடத்திலேயே ஒரு டையோடு வைத்திருப்பார்கள். அது ஷார்ட் ஆகியிருக்கும். 1என்4001 போடுங்கள், ஒன்றிரண்டு ரூபாய்தான்.

மார்த்தாண்டத்திலிருந்து: ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் போட்ட ஃபஸ் பெடல் (சத்தத்தை உடைத்துக் கரகரப்பாக்குவது). டிசம்பரில் தேன் மாதிரி இருந்த சத்தம், ஏப்ரல் கோயில் திருவிழா மேடையில் திக்கித் திக்கி வருகிறது. டிரான்சிஸ்டரை மாற்றிவிடவா சார்?

தயவுசெய்து மாற்றாதீர்கள். 1962-ல் வந்த மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன், 1966-ல் வந்த ஃபஸ் ஃபேஸ் எல்லாம் ஜெர்மானியத்தில் பிறந்தவை. அந்தச் சத்தத்துக்கு உயிரே அந்த டிரான்சிஸ்டர்தான். ஆனால் ஜெர்மானியத்துக்குச் சூடு ஆகாது. வெப்பம் பத்து டிகிரி ஏறினால் கசிவு மின்சாரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். லண்டன் குளிரில் சரியாக நின்ற பயாஸ் (டிரான்சிஸ்டர் சும்மா இருக்கும்போது அதில் நிற்க வேண்டிய மின்னளவு), நம்ம ஊர் மேடையில் ஃபோகஸ் லைட்டுக்குக் கீழே நகர்ந்துவிடுகிறது. ஃபஸ் ஃபேஸ் வகையில் இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டர் காலில் சுமார் 4.5 வோல்ட் இருக்க வேண்டும். காலையில் ஒருமுறை, உச்சிவெயிலில் ஒருமுறை அளந்து பாருங்கள், நகர்வது கண்ணுக்குத் தெரியும்.

பெடலை ஆம்ப் தலையில் வைக்காதீர்கள், வெயிலில் நிற்கும் காருக்குள் விடாதீர்கள். அப்படியும் தீரவில்லை என்றால் கலெக்டரிலுள்ள 8.2 கிலோ ஓம் ரெசிஸ்டரைப் பத்திரமாக எடுத்துவைத்துவிட்டு, அங்கே ஒரு சின்ன ட்ரிம்மர் (திருகி அளவை மாற்றும் ரெசிஸ்டர்) போட்டு, மேடை ஏறும் முன் சரிசெய்துகொள்ளலாம். ஈயம் வைக்கும்போது டிரான்சிஸ்டர் காலில் ஒரு முதலை கிளிப் மாட்டுங்கள், சூட்டை அது வாங்கிக்கொள்ளும். இன்னொன்று: இந்தப் பழைய ஃபஸ் பலவற்றில் ப்ளஸ்தான் எர்த். மற்றப் பெடல்களோடு ஒரே அடாப்டரில் கோத்தால் ஷார்ட் ஆகும். தனி பேட்டரி போடுங்கள்.

குழித்துறையிலிருந்து: பழைய ட்யூப் ஸ்க்ரீமர் ஓவர்டிரைவ் பெடல். எல்லா கெப்பாசிட்டரையும் ஒரேயடியாக மாற்றிப் புதுசாக்கித் தருகிறேன் என்கிறார் சர்வீஸ் கடைக்காரர். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். வயசானால் காய்ந்துபோவது எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர், அதாவது சின்ன டப்பி மாதிரி நிற்பவை. அவற்றிலும் உப்பியது, கசிந்தது, அளவு குறைந்தது மட்டும் மாறினால் போதும். ஃபிலிம் கெப்பாசிட்டர் நாற்பது வருஷமானாலும் அப்படியே இருக்கும். அதை மாற்றினால் சத்தமும் போகும், விலையும் போகும். பழைய போர்டில் சூடு கொஞ்சம் அதிகமானாலே செம்புத் தடம் உரிந்து வந்துவிடும் என்பதால் ஒவ்வொரு தேவையில்லாத சால்டரும் ஒரு ஆபத்து. ஜேஆர்சி 4558 ஐசியை எந்தக் காரணத்துக்கும் கொடுத்துவிடாதீர்கள். கழற்றும் முன் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். எடுத்த ஒவ்வொரு பாகத்தையும் கவரில் போட்டு, எந்த இடத்தில் இருந்தது என்று எழுதிப் பெடலோடு வையுங்கள்.

நெய்யாற்றின்கரையிலிருந்து: சேட்டா, பாஸ் டிஎம்-2 டிலேயில் எதிரொலி வருவதில்லை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில், எதிரொலியை உண்டாக்கும் எம்என்3005 சிப் கிடைக்கும் என்றார்கள்.

சிப்பை வாங்கும் முன் அதற்கு வோல்ட்டேஜ் வருகிறதா, க்ளாக் (சிப்பை ஓட்டும் துடிப்பு) ஓடுகிறதா என்று பாருங்கள், உள்ளேயுள்ள ட்ரிம்மர்களையும் பாருங்கள். கோளாறு அங்கேதான் இருக்கும் பல நேரம். அசல் எம்என்3005-ஐ ஜப்பானின் மட்சுஷிடா கம்பெனி நிறுத்திப் பல காலம் ஆகிறது. மேல் எழுத்தைச் சுரண்டி மறுபடி அச்சடித்தது சந்தையில் நிறைய. அசிட்டோன் தொட்டுத் துடைத்தால் எழுத்து கரைகிறதா என்று பாருங்கள். பின்னாளில் வந்த டிஎம்-2-வில் எம்என்3205 இருக்கும். இரண்டும் வேறு வேறு வோல்ட்டேஜில் ஓடுபவை, ஒன்றுக்குப் பதில் மற்றதைச் செருக முடியாது.

அருமனையிலிருந்து: வால்யூம் திருப்பினால் கரகரப்பு.

கான்டாக்ட் க்ளீனர் விட்டு இருபது முப்பது தடவை திருப்புங்கள். டபிள்யூடி-40 அடிக்காதீர்கள். சுத்தம் செய்தும் கரகரத்தால், அந்த வால்யூம் பாட் (pot, திருப்பும் ரெசிஸ்டர்) மேல் டிசி வோல்ட்டேஜ் நிற்கிறதா என்று அளந்து பாருங்கள். நின்றால் குற்றவாளி பாட் இல்லை, அதற்கு முன்னால் கசியும் கெப்பாசிட்டர்.

குலசேகரத்திலிருந்து: நமக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் ஒரு மழை. பெடல்களை எங்கே வைப்பது? இப்போது ரப்பர் ஷீட் அடிக்கும் கொட்டகை அலமாரியில் இருக்கிறது.

இன்றைக்கே அங்கிருந்து எடுத்துவிடுங்கள். ரப்பர் பால் உறைய ஊற்றுகிற ஃபார்மிக் அமிலத்தின் ஆவி செம்பையும் ஜாக்கையும் தின்னும். பேட்டரியைக் கழற்றி, மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வீட்டுக்குள் வையுங்கள். நிறம் மாறும் ஜெல் என்றால் மாறியதும் வறுத்து மறுபடி போடலாம், ஆனால் சமையல் பாத்திரத்தில் வேண்டாம். தோல் பெட்டி, வெல்வெட் பை இரண்டும் ஈரத்தைப் பிடித்துவைக்கும். பேட்டரி அறையில் பிசுபிசுவென்று உதிரும் பழைய ஸ்பாஞ்சைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிது ஒட்டுங்கள். மாதம் ஒருமுறை எடுத்து ஒவ்வொரு சுவிட்சையும் பல தடவை அழுத்தி, கொஞ்சம் வாசியுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் பெடலில் கான்டாக்ட் அவ்வளவு சீக்கிரம் கறுக்காது.