வளரும் நாடுகளில் தூய குடிநீர் எல்லோருக்கும் கிடைக்க முதலில் எதைச் செய்ய வேண்டும்?

என்னைக் கேட்டால், நீரின் தரத்தைக் கிணற்றடியில் மட்டும் சோதித்துவிட்டு நிறுத்திக்கொள்ளாமல், குடிப்பவர் கையிலுள்ள குவளை வரை தொடர்ந்து சோதிப்பதே முதல் வேலை. 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி பாதுகாப்பாக நிர்வகிக்கப்படும் குடிநீர் (வீட்டிலேயே, தேவைப்படும்போது, மாசின்றிக் கிடைக்கும் நீர்) கிடைக்காத 220 கோடிப் பேரில் ஏறத்தாழ 150 கோடிப் பேருக்கு, போய்வர அரை மணி நேரத்துக்குள் ஏதோ ஒரு குழாயோ கிணறோ இருக்கவே செய்கிறது.

பின்னாளில் நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் மைக்கேல் கிரெமரும் அவருடைய குழுவினரும் மேற்குக் கென்யாவில் நடத்திய ஆய்வு, கிணற்றடிச் சோதனை மட்டும் போதாது என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது. ஊற்றுகளைக் கான்கிரீட்டால் மூடிப் பாதுகாத்தபோது, ஊற்றுநீரில் மலக்கிருமி மாசு 66 விழுக்காடு குறைந்தது. அதே நீர் வீட்டுக்குள் போய்ச் சேர்ந்தபின் கிடைத்த பலனோ 24 விழுக்காடுதான். சுமந்து வருகையிலும், திறந்த பானையில் கைவிட்டு மொள்கையிலும் கிருமி மறுபடியும் சேர்ந்துவிடுகிறது.

குளோரினை நான் வலியுறுத்துவது இதனால்தான். கொதிக்கவைப்பது கிருமியைக் கொல்லும். ஆனால் ஆறிய நீரில் அழுக்குக் கை பட்டால் அதைத் தடுக்க அதில் ஒன்றும் இருக்காது. குளோரின் கலந்து அரை மணி நேரம் விட்ட நீரில், லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் வரை மீதம் நின்றால், அந்த மீதம் தீரும் வரை வீட்டிலுள்ள நீரை அது காவல் காக்கும். சோதனை மாத்திரை ஒன்றைச் சிறு குப்பி நீரில் கரைத்தால், மீதக் குளோரின் இருக்கும் நீர் இளஞ்சிவப்பாக மாறும். நிறமே வராவிட்டால் காவல் இல்லை என்று பொருள். கலங்கல் நீரில் குளோரின் வீணாகிவிடும் என்பதால், முதலில் தெளியவைத்தோ வடிகட்டியோ எடுப்பது அவசியம்.

ஆனால் குளோரினால் ஆர்சனிக் என்னும் நச்சுத் தனிமத்தை நீக்க முடியாது. வங்கதேசத்தில் வயிற்றுப்போக்கிலிருந்து குழந்தைகளைக் காக்க 1970களிலிருந்து நல்லெண்ணத்தோடு போடப்பட்ட குழாய்க் கிணறுகளில் பலவற்றின் நீர், கண்ணாடி போலத் தெளிவாக இருந்தும், நிலத்தடிப் படிவுகளிலிருந்து கரைந்த ஆர்சனிக்கைச் சுமந்து வந்தது. 1993இல்தான் அது அங்கே உறுதிசெய்யப்பட்டது. அதற்குள் கோடிக்கணக்கானோர் அந்த நீரைக் குடித்துப் பழகிவிட்டனர். வேதியியல் சோதனை செய்யாத எந்தக் கிணற்றையும் குடிநீருக்குத் திறந்துவிடுவது, எவ்வளவு அவசரமானாலும், எனக்கு ஏற்புடையதல்ல.

அடுத்தது பராமரிப்பு. அடிபம்பின் உள்ளே மேலும் கீழும் ஓடும் வாஷர் தேய்ந்தால், எத்தனை முறை அடித்தாலும் தண்ணீர் ஏறாது. விலை குறைந்த பொருள்தான். ஆனால் குழிக்குள் இறங்கும் கம்பிகளை உருவி அதை மாற்றத் தெரிந்த ஆளும், அவருக்குக் கொடுக்கக் கூலியும் இல்லாத ஊரில், பெண்கள் பழைய குட்டைக்கே திரும்புகிறார்கள். நன்கொடையாளர்கள் புதுக் கிணற்றுக்குத் தரும் பணத்தில் ஒரு பங்கைப் பழுதுபார்ப்பு நிதியாக ஒதுக்கியே ஆக வேண்டும்.

நகரங்களுக்குக் கம்போடியத் தலைநகர் நாம்பென் நல்ல முன்மாதிரி. 1993இல் அங்கே உற்பத்தியான நீரில் 72 விழுக்காடு கசிவிலும் திருட்டிலும் கணக்கில் வராமல் போயிற்று. எக் சொன் சான் தலைமையில் நகரக் குடிநீர் வாரியம் பழைய குழாய்களை மாற்றி, எல்லா இணைப்புக்கும் மீட்டர் வைத்து, ஏழைகளுக்கு இணைப்புக் கட்டணத்தில் சலுகையும் தவணையும் கொடுத்தது. 15 ஆண்டுகளில் இழப்பு ஏறத்தாழ 6 விழுக்காடாகக் குறைந்து, நாள் முழுவதும் நீர் வந்தது. இடைவிடாத அழுத்தம் இருந்ததால், கசியும் இணைப்புகள் வழியே சாக்கடை நீர் உள்ளே இழுக்கப்படும் ஆபத்தும் நீங்கியது.