"ஃபைனல்" என்று பேர் வைக்காதீர்கள்

கேள்வி: கட்டட ஆலோசனை நிறுவனமொன்றில் வேலை. கட்டடக் கலைஞர், கட்டமைப்புப் பொறியியலாளர், ஏ.சி. பிரிவு, கணிய அளவையாளர் (வேலையின் அளவும் செலவும் கணக்கிடுபவர்) எல்லோருக்கும் ஒரே சேர்வர்தான். ஆனாலும் பழைய பிளான் சைட்டுக்குப் போய், டக்டுக்கு (ஏ.சி. காற்றுக் குழாய்க்கு) துளை விடாமலே பீமுக்குக் கொங்கிரீட் போட்டுவிட்டார்கள். என்ன செய்யலாம்?
- வாசகர், வெள்ளவத்தை

பதில்: சேர்வர் ஒன்றாக இருந்து என்ன, எந்தக் கோப்பு எந்த நிலையில் கிடக்கிறது என்று தெரியாவிட்டால் இப்படித்தான். கட்டடத் திட்டங்களின் தகவல்களைக் கையாள்வதற்கென 2018இல் வந்த ஐஎஸ்ஓ 19650 என்ற சர்வதேச நியமம் நாலு நிலை சொல்கிறது: செய்துகொண்டிருப்பது, பகிர்ந்தது, வெளியிட்டது, காப்பகம். நாலுக்கும் போல்டர் போடுங்கள். முதலாவது போல்டர் ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியாக, மற்றப் பிரிவுகளுக்கு அது திறக்கவே கூடாது. பலர் கோட்டை விடுவது இங்கேதான். பாதி வரைந்த பீமைப் பார்த்து ஏ.சி. பிரிவு டக்ட் வரையும். மறுநாள் பீம் 150 மில்லிமீற்றர் ஆழமாகிவிடும். "பகிர்ந்தது" எல்லோரும் பார்க்கலாம், யாரும் கைவைக்க முடியாது. "வெளியிட்டது" போல்டருக்குள் கோப்பை நகர்த்த இருவருக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். சைட்டுக்குப் போவது அங்கிருந்து மட்டும்.

"ஃபைனல்", "ஃபைனல் நியூ" எல்லாம் வேண்டாம். திட்டம், நிறுவனம், கட்டடப் பகுதி, மாடி, கோப்பு வகை, பிரிவு, இலக்கம் என்ற ஒழுங்கில், இடையில் சிறுகோடிட்டுப் பேர் வையுங்கள். நியமப்படி திருத்த எண் பேரில் சேராது. அதைத் தனியாகப் பதியும் மென்பொருள் இல்லாத வெறும் சேர்வர்தான் என்றால், பேரின் கடைசியில் போடுவதைத் தவிர வழியில்லை. பிரித்தானிய வழக்கில் பி01, பி02 (P01, P02) ஆரம்பத் திருத்தங்கள், சி01 (C01) ஒப்பந்தத்துக்கானது. 'பி' போட்ட பிளானை நம்பிக் கொங்கிரீட் ஊற்றக்கூடாது. எந்தத் திருத்தத்தை வைத்து அளந்தார் என்பதைக் கணிய அளவையாளரும் தன் பட்டியலில் எழுதவேண்டும்.

வட்ஸ்அப்பில் பிடிஎஃப் அனுப்புவதை நிறுத்துங்கள், இணைப்பை அனுப்புங்கள். போனில் கிடக்கும் பிரதி தானாக மாறாது.

கேள்வி: பழைய தமிழ்க் கடிதங்கள் கணினியில் தேடினால் அகப்படுவதில்லையே?
- வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டியவையாக இருக்கும். திரையில் 'அ' தெரியும் இடத்தில் கணினி வைத்திருப்பது ஆங்கில 'எம்'. ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனி எண் கொடுக்கும் பொதுக் குறியீடான யுனிகோடுக்கு மாற்றுங்கள், ஆனால் தமிழ்ப் பகுதியை மட்டும் தெரிவுசெய்து. இல்லையென்றால் நடுவிலுள்ள ஆங்கிலப் பேர்களும் குழம்பிவிடும். கொம்பு எழுத்துகளைக் கட்டாயம் சரிபாருங்கள். பாமினியில் கொம்பு முதலில், யுனிகோடில் மெய் முதலில். மூலக் கோப்பை அழிக்கவேண்டாம்.